கபடி டீம் ரெண்டாவது மேட்ச்சுலயே விழுந்துடுது: வாரத்தை எப்படிப் பிரிக்கிறது?

செம்மண்களம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் ஒரு ஊர் டீம். பன்னிரண்டு பேர், வயசு 17ல இருந்து 26 வரைக்கும், எடை 58 கிலோவுல இருந்து 74 கிலோ. ரெண்டு பேர் கொத்தனார் வேலை, மூணு பேர் மாட்டுத்தாவணி மார்க்கெட்ல லோடு, ரெண்டு பேர் டவுன்ல ஜவுளிக்கடை, ஒருத்தன் பிளஸ் டூ, மத்தவய்ங்க காலேஜ்.

இப்ப நடக்கிறது இதுதான். காலையில 5 மணிக்குக் கண்மாய்க்கரையில 5 கிலோமீட்டர் ஓட்டம், திங்கள்ல இருந்து சனி வரைக்கும். அதே ஆறு நாளும் சாயங்காலம் 7ல இருந்து 9 வரைக்கும் களத்துல முழு பிராக்டிஸ். நாலு பேர் இதுக்கு மேல ஜிம்முக்கும் போறாய்ங்க. சீசன்ல சனி, ஞாயிறு மின்னொளி ஆட்டம், நத்தம், சிங்கம்புணரி, உசிலம்பட்டினு எங்கயாவது இருக்கும். ஒரு நைட்டுக்கு மூணு மேட்ச் வரைக்கும் வரும், ஒவ்வொண்ணும் 15-5-15 (15 நிமிஷம் ஆட்டம், 5 நிமிஷம் இடைவேளை, திரும்ப 15 நிமிஷம்).

முதல் மேட்ச் பிரமாதமா ஆடுறாய்ங்க. ரெண்டாவதுல ரைடர் கால் தூக்க மாட்டேங்குது, கார்னர்ல நிக்கிறவன் லேட்டா பாயுறான், கடைசி அஞ்சு நிமிஷத்துல யாருக்காவது கெண்டைக்கால் பிடிச்சுக்குது. இந்த சீசன்ல ரெண்டு முழங்கால், ஒரு பின்தொடை. "இன்னும் பிராக்டிஸ் பத்தலை"னு ஊர்ல சொல்றாங்க. இதுக்கு மேல எங்க கூட்டுறதுனு தெரியல. சாப்பாடு, தூக்கம், ஓய்வு எல்லாம் சேர்த்து ஒரு வாரத்தை எப்படி அமைக்கிறதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. களம் மண் களம்தான். சாமான்னு பெருசா எதுவும் கிடையாது.

பாடிவா எழுதியது:

தம்பி, கூட்ட வேண்டியது எதுவும் இல்லை. பாதியை வெட்டணும். ஏன்னு கணக்குப் போட்டே காட்டுறேன்.

ஒவ்வொரு வேலை முடிஞ்சு அரை மணி கழிச்சு, "எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?"னு 0ல இருந்து 10க்குள்ள ஒரு நம்பர் கேளுங்க. அதை நிமிஷத்தால பெருக்குங்க. அதுதான் அன்னைக்கு உடம்பு மேல ஏறின சுமை. உங்க பிராக்டிஸ் 120 நிமிஷம், கஷ்டம் 7னு வச்சா 840. காலை ஓட்டம் 35 நிமிஷம், கஷ்டம் 5, அதுக்கு 175. ஆறு நாளைக்கு 6,090. ஒரு நைட் மூணு மேட்ச்னா 90 நிமிஷம், கஷ்டம் 9, ரெண்டு நைட்டுக்கு 1,620. ஆகமொத்தம் 7,710. இதுல ஜிம் இல்லை, செங்கல் சுமந்தது இல்லை. மார்க்கெட்ல நாலு மணி நேரம் மூட்டை தூக்கினவனுக்கு 240 நிமிஷம், கஷ்டம் 5னு போட்டாலே 1,200. ஒரு நாள் பிராக்டிஸை விட அது பெருசு. அவனையும் காலேஜ் பையனையும் ஒரே மாதிரி ஓட விட்டா யாருக்குப் பின்தொடை போகும்னு நீங்களே சொல்லிடலாம்.

ஆட்டம் இருக்கிற வாரத்துக்கு நான் சொல்றது இது.

திங்கள்: ஒண்ணும் கிடையாது. தூங்கி எழுந்து இருபது நிமிஷம் நடை, அவ்வளவுதான். "லேசா ரெண்டு ரைடு பாத்துக்குவோம்"னு யாராவது ஆரம்பிப்பான், விடாதீங்க.

செவ்வாய்: பலத்துக்கான நாள், 50 நிமிஷம். அதுக்கப்புறம் 30 நிமிஷம் டச், ஆங்கிள் ஹோல்டு (கணுக்கால் பிடி), பிளாக் (ரைடரை மறிக்கிறது) மாதிரி ஸ்கில், மெதுவா. காலையில அரை மணி ஓட்டம் வேணும்னா இந்த நாள்ல மட்டும் வைங்க.

புதன்: இதுதான் வாரத்துல ஒரே கடுமையான நாள், மொத்தம் 75 நிமிஷம். 15 நிமிஷம் உடம்பைச் சூடாக்குறது, 20 நிமிஷம் விட்டு விட்டுப் பாயுற பயிற்சி, எட்டு எட்டு நிமிஷமா மூணு ஆட்டம் நடுவுல மூணு மூணு நிமிஷம் ஓய்வோட, கடைசி 10 நிமிஷம் ஆறப் போடுறது.

வியாழன்: விளையாட்டு. கபடி இல்லாத விளையாட்டு. வாலிபால் ஆடுங்க, இல்லாட்டி கிணத்துல நீச்சல். 40 நிமிஷம், சிரிச்சுக்கிட்டே ஆடுற அளவுக்கு. ஆறு நாளும் ஒரே களத்துல ஒரே திட்டு வாங்குற பயலுக ஒரு சாயங்காலம் அதை மறந்தா வெள்ளிக்கிழமை கால் தானா வேகமா போகும். ஃபுட்பால் மட்டும் வேண்டாம், கணுக்கால் போகும். கிணறுன்னா ஆழம் தெரியாம தலைகீழாப் பாயக் கூடாது, கோடையில தண்ணி எவ்வளவு இறங்கியிருக்குன்னு மேல இருந்து தெரியாது. கழுத்து எலும்பு ஒரு தடவைதான் உடையும்.

வெள்ளி: 35 நிமிஷம். பத்து மீட்டர் முழு வேகத்துல ஆறு ஓட்டம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நிமிஷத்துக்கு மேல ஓய்வு. அப்புறம் யார் எந்த கார்னர், செயின்ல (கை கோத்துப் பிடிக்கிறது) யாரோட யார்னு நடந்து பாக்குறது. வேர்த்துக் கொட்டினா தப்பு பண்றீங்கன்னு அர்த்தம்.

இப்பக் கூட்டிப் பாருங்க: செவ்வாய் 420, புதன் 600, வியாழன் 120, வெள்ளி 175. ஆட்டத்தோட 1,620 சேர்த்தா 2,935. ஆட்டம் அதேதான், குறைஞ்சது பிராக்டிஸ் மட்டும்.

காலை ஓட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. ரைடுக்கு 30 செகண்டு. அதுல நடுக்கோட்டுல இருந்து பாக் லைன் (ரைடர் தாண்ட வேண்டிய கோடு) வரைக்கும் 3.75 மீட்டர், போனஸ் லைன் (கூடுதல் புள்ளிக்கான கோடு) அதுக்கு மேல ஒரு மீட்டர். இந்தக் குறுகின இடத்துல வெடிக்கிற வேகமும், அடுத்த ரைடுக்குள்ள மூச்சு திரும்புறதும்தான் வேணும். மெதுவா 35 நிமிஷம் ஓடுறது ரெண்டாவதுக்குக் கொஞ்சம் உதவும், முதலாவதுக்கு உதவாது. வாரம் ஒரு தடவை போதும்னு சொன்னது அதனாலதான்.

புதன்கிழமை 20 நிமிஷப் பயிற்சி: "கபடி கபடி" பாட்டோட 20 செகண்டு, போனஸ் லைன் வரைக்கும் போய்க் குறுக்கே நகர்ந்து திரும்பப் பாய்ஞ்சு நடுக்கோட்டைத் தொடணும். 40 செகண்டு நடை. எட்டுத் தடவை. நாலு நிமிஷம் ஓய்வு. இன்னொரு எட்டு. பாட்டு விட்டுப் போச்சுன்னா அந்தச் சுற்றுக் கணக்குல வராது. பிடிக்கிறவய்ங்க பாட்டுக்குப் பதிலா கையைக் கோத்துக்கிட்டு ரெண்டு ரெண்டு பேரா பக்கவாட்டுல நகரணும்.

செவ்வாய்க்கிழமைக்கு அரிசிச் சாக்குல மணல் போட்டுக் கட்டுங்க, தராசுல நிறுத்து 20 கிலோ ஒண்ணு, 30 கிலோ ஒண்ணு. சாக்கு நிறைய மணல் போட்டுடாதீங்க, அரிசியை விட மணல் கனம். நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பஸ்கி 3 தடவை எட்டு எட்டு. முழங்கால் லேசா மடங்கி, முதுகு வளையாம இடுப்புல இருந்து குனிஞ்சு தூக்குறது 3 தடவை எட்டு. தண்டால் 3 தடவை, முடியுறதுக்கு ரெண்டு மிச்சம் இருக்கும்போதே நிறுத்தணும். புளியமரக் கிளையில கயிறு கட்டி ஏறுறது நாலு தடவை. கழுத்துக்கு நாலு பக்கமும் கையால தடுத்துப் பிடிச்சு 10 செகண்டு. பின்தொடைக்கு: மடிச்ச சாக்குல முட்டி போட்டு, கூட்டாளி கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, இடுப்பு மடங்காம முடிஞ்ச அளவு மெதுவா முன்னால சாய்ஞ்சு கையில விழுறது. முதல் வாரம் 2 தடவை அஞ்சு அஞ்சு மட்டும். முதல்ல ரெண்டு நாள் பயங்கரமா வலிக்கும், அதனாலதான் இதைச் செவ்வாய்ல வச்சிருக்கேன். வியாழன், வெள்ளில ஆரம்பிச்சா சனிக்கிழமை நொண்டுவாய்ங்க.

ஜிம் போற நாலு பேரும் இந்தச் செவ்வாய்க்குப் பதிலா ஜிம் போகட்டும், கூட அல்ல. லோடு வேலைக்காரங்க சாக்கு தூக்க வேண்டாம், பின்தொடையும் கழுத்தும் மட்டும்.

சுவத்துல ஒரு சாக்பீஸ் கோடு போதும் களைப்பை அளக்க. நின்ன இடத்துல இருந்து குதிச்சு எவ்வளவு உயரம் தொடுறான்னு செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் குறிங்க. வழக்கத்தை விட நாலு விரல் கீழ தொட்டா அவனுக்கு அன்னைக்குப் பிராக்டிஸ் இல்லை. "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லுவான். கோட்டை நம்புங்க.

கம்மங்கூழ் எழுதியது:

பாடிவா அண்ணன் சுமையைச் சொல்லிட்டாங்க, நான் சாப்பாட்டைச் சொல்றேன். இப்ப என்ன சாப்பிடுறாய்ங்கன்னு கேள்வியில ஒரு வரிகூட இல்லை, அதுலயே பாதிப் பதில் இருக்கு. காலையில 5 மணிக்கு வெறும் வயித்துல ஓட்டம், எட்டு மணிக்கு ஒரு டீ, மதியம் ஒரு வெட்டு, நைட் பத்து மணிக்குப் பரோட்டா. பல டீம்ல நடக்கிறது இதுதான்.

65 கிலோ பையனுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் புரதம் வேணும் (கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கு). அதை நாலு வேளையாப் பிரிக்கணும். மதியம் மட்டும் கோழியை வெட்டிட்டு மத்த வேளை சும்மா இருந்தா பயன் குறைவு. வீட்டுல இருக்கிறதை வச்சே கூட்டிப் பாருங்க. காலையில அஞ்சு இட்லி, சாம்பார், ரெண்டு முட்டை: 26 கிராம். மதியம் மூணு கப் சோறு, ஒரு கப் பருப்பு அல்லது கூட்டு, 100 கிராம் மீனோ கோழியோ: 40 கிராம் பக்கம். அசைவம் இல்லாத நாள்ல 50 கிராம் சோயா உருண்டை, காஞ்ச எடையில, 26 கிராம் தரும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் இல்லாட்டி ஒரு கை வறுத்த கடலை, கூட ரெண்டு வாழைப்பழம்: 10 முதல் 13. பிராக்டிஸ் முடிஞ்சு மூணு தோசை, ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால்: 28 கிராம். கணக்கு முடிஞ்சுது, டப்பா எதுவும் வாங்கலை.

இதுல பெரும்பாலும் விட்டுப்போறது அந்த அஞ்சு மணிச் சாப்பாடு. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவன் ஏழு மணிக்குக் களத்துல இறங்கினா ஆறு மணி நேர இடைவெளி. ஜவுளிக்கடைப் பையன்கள் டிபன் பாக்ஸ்ல சுண்டல் கொண்டுபோகட்டும். கடையில நின்னுக்கிட்டே சாப்பிட்டுடலாம்.

கேப்பைக் கூழும் கம்மங்கூழும் நல்லது. மோர், உப்பு, சின்ன வெங்காயத்தோட குடிச்சா தண்ணியும் உப்பும் சேர்ந்து இறங்கும், வெயில்ல வேலை பாக்குற கொத்தனார் தம்பிகளுக்கு பதினொரு மணிக்கு அதை விட நல்லது கிடையாது. ஆனா புரதம் குறைவு. பழைய சோத்துக்கும் இதே கதைதான், கூட ஒரு முட்டையோ கருவாடோ கடலைத் துவையலோ இருந்தாத்தான் அது முழுச் சாப்பாடு. பருத்திப்பால் பிராக்டிஸுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஒரு டம்ளர் நல்லாவே வேலை செய்யும், அதுல இருக்கிற வெல்லத்துக்காகவும் அரிசி மாவுக்காகவும். புரதக் கணக்குல அதைச் சேர்க்காதீங்க. கம்பு, சுண்டல் மாதிரி நார் அதிகம் உள்ளதை ஆட்டத்துக்கு முந்தின நாலு மணி நேரத்துல தொட வேண்டாம், வயிறு உப்பிக்கிட்டு மூச்சு வாங்கும்.

பரோட்டாவைப் பத்திக் கேட்காமயே சொல்லிடறேன், மதுரைப் பக்கம் இதைச் சொல்லாம முடிக்க முடியாது. பரோட்டா விஷம் இல்லை. ஆட்டத்துக்கு முன்னாடி அது தப்பு, அவ்வளவு எண்ணெய் வயித்தை விட்டு இறங்க மூணு நாலு மணி நேரம் ஆகும். நடுராத்திரி ஆட்டம் முடிஞ்சு வேற எதுவும் திறந்திருக்காத நேரத்துல ரெண்டு பரோட்டாவும் டபுள் ஆம்லெட்டும் சாப்பிடுறது, வெறும் வயித்தோட படுக்கிறதை விட எவ்வளவோ மேல். தினமும் நாலு, அதுவும் வெறும் சால்னாவோடன்னா வேணாம்.

ஆட்ட நாளுக்குத் தனிக் கணக்கு. முதல் மேட்ச் எட்டு மணின்னா நாலரை மணிக்குள்ள முழுச் சாப்பாடு: சோறு, பருப்பு, ரசம், ஒரு முட்டை, பொரியல் கம்மி. ஆறு மணிக்கு அரை லிட்டர் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. ஏழே காலுக்கு ரெண்டு வாழைப்பழம். ரெண்டு மேட்ச்சுக்கு நடுவுல ஒரு மணி நேரத்துக்குக் குறைவா இருந்தா திரவமும் நாலு பேரீச்சம்பழமும் மட்டும். ரெண்டு மணி நேரம் இருந்தா மூணு இட்லி, சர்க்கரை தொட்டு. இந்த இடத்துலதான் விழாக் கமிட்டி அன்போட பிரியாணிப் பொட்டலம் நீட்டுவாங்க. வாங்கி வச்சுக்கோங்க, கடைசி மேட்ச்சுக்கு அப்புறம் பிரிங்க. உங்க ரைடர் ரெண்டாவது மேட்ச்ல கால் தூக்காததுக்கு அந்தப் பொட்டலத்துக்கும் பங்கு இருக்கும்.

நடுவுல குடிக்க: ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணி, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. எலுமிச்சை ருசிக்கு. உப்பைக் கூட்டினா குமட்டும், சர்க்கரையைக் கூட்டினா வயித்தால போகும், அதனால கண்ணளவு வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில், பேர் எழுதி.

ஜிம்தம்பி_திருமங்கலம் எழுதியது:

கணக்கெல்லாம் சரி அக்கா. ஆனா நாலு வேளை சமைச்சுக் கொண்டுபோறது நடக்கிற காரியமா? வே புரோட்டீன் (பால்ல இருந்து எடுக்கிற புரதப் பொடி) ஒரு ஸ்கூப், மேட்ச்சுக்கு முன்னாடி ஒரு எனர்ஜி டிரிங்க், முடிஞ்சுது.

கம்மங்கூழ் எழுதியது:

ஒரு ஸ்கூப் ஏறத்தாழ 24 கிராம், அதாவது நாலு முட்டை. வாங்க முடிஞ்சவங்க வாங்கட்டும், தப்பு இல்லை. லேபிள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், பிரிக்காத சீல் மூணும் பார்த்து வாங்கணும். ஜிம்ல உதிரியா அளந்து குடுக்கிற பொடியைத் தொடாதீங்க. அதுல என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது. நாளைக்கு மாநில அளவுல ஆடுற பையன் ஊக்கமருந்துச் சோதனையில மாட்டினா "தெரியாமக் குடிச்சேன்" செல்லாது.

எனர்ஜி டிரிங்க் வேறு விஷயம். அதுல இருக்கிற கஃபீன் பாதியாக் குறையவே அஞ்சு மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்குக் குடிச்சவன் விடியற நாலு மணிக்கும் முழிச்சுக்கிட்டுதான் இருப்பான். மறுநாள் நைட் திரும்ப ஆட்டம். எட்டு மணிக்கு முன்னாடி ஒரு காபி போதும்.

செம்மண்களம் எழுதியது:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. ரெண்டு விஷயம் இன்னும் இடிக்குது. ஒண்ணு எடை. அடுத்த மாசம் ஒரு 65 கிலோ ஆட்டம் இருக்கு, எங்க மெயின் ரைடர் 67.5. ரெண்டு நாள் பட்டினி கிடந்து, பிளாஸ்டிக் கோட்டு போட்டு ஓடி இறக்கிடலாம்ங்கிறாய்ங்க. பிளஸ் டூ பையன் 58, அவனை 55ல இறக்கலாமான்னும் கேக்குறாய்ங்க. ரெண்டாவது, மார்க்கெட் பையன்க ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பணும். ஒம்பது மணிக்கு பிராக்டிஸ் முடிஞ்சா எப்பத் தூங்குறது? முழங்கால் ரெண்டு பேரையும் எப்ப இறக்கலாம்னும் சொல்லுங்க.

இயன்முறை_மதுரை எழுதியது:

பிளஸ் டூ மாணவரை எடை குறைக்கச் சொல்ல வேண்டாம். வளர்கிற உடம்பு. 58 கிலோவில் எந்தப் பிரிவில் ஆட முடியுமோ அதில் ஆடட்டும், இதில் பேரம் இல்லை.

மெயின் ரைடருக்கு ஒரு மாதம் இருக்கிறது, அதனால் பட்டினி தேவையே இல்லை. வாரம் அரை கிலோ வீதம் நான்கு வாரத்தில் இரண்டு கிலோ. சோற்றில் ஒரு கரண்டி, எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை டீ இவற்றைக் குறைத்தால் போதும். புரதத்தைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். மீதி அரை கிலோவுக்கு, எடை பார்ப்பதற்கு முந்தைய இரண்டு நாள் கீரை, சுண்டல், கம்பு, பச்சைக் காய்கறியை நிறுத்திவிட்டு இட்லி, தயிர்சோறு, முட்டை என்று இருக்கட்டும். குடலில் தங்கும் சக்கை குறையும், எடையும் இறங்கும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தாலே ஆட்டம் மந்தமாகும். 65 கிலோவுக்கு அது 1.3 கிலோதான். எடை மெஷினில் ஜெயித்துக் களத்தில் தோற்பதில் என்ன லாபம்?

பிளாஸ்டிக் கோட்டு ஓட்டம் ஆபத்தானது. 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி வேர்க்க வைத்து எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே எடை பார்க்கும் விதிகளையே மாற்றினார்கள். சித்திரை வெயிலில், மதுரையில் 40 டிகிரி தொடும் நாட்களில், கோட்டு போட்டு ஓடுவதை நினைத்துப் பாருங்கள். சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை இன்னும் மோசம், பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறும். ஊக்கமருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது.

மார்க்கெட் தம்பிகளுக்கு: பிராக்டிஸை ஒன்பது வரை வைத்தால் அவர்களுக்கு நான்கு மணி நேரத் தூக்கம்தான் கிடைக்கும். புதன், வெள்ளி மட்டும் வரட்டும், மணியை ஆறுக்கு முன்னால் இழுங்கள், ஏழே கால், ஏழரைக்குள் முடிந்துவிடும். எட்டே முக்காலுக்குப் படுத்து ஒன்றரைக்கு எழுந்தால் நாலே முக்கால் மணி நேரம். வேலை முடிந்து வந்து பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை இன்னொரு இரண்டரை மணி. மொத்தம் ஏழேகால். பகல் தூக்கத்துக்கு ஜன்னலில் கனமான போர்வை தொங்கவிட்டு, போனை அடுத்த அறையில் வைக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பகலில் படுப்பவனை எழுப்பி ஏதாவது கடைக்கு அனுப்புவார்கள்.

மற்றவர்களுக்கு ஆட்ட நாளில் மதியம் ஒன்றரை மணி நேரம் தூக்கம். விடிய விடிய ஆடிவிட்டு பைக்கில் திரும்புவது இந்த வட்டாரத்தில் கபடியில் விழும் எந்த அடியையும் விடப் பெரிய ஆபத்து. ஒரு வேன் பேசுங்கள், ஆடாத ஒருவர் ஓட்டட்டும். அது முடியாவிட்டால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையிலோ மண்டபத்திலோ படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள்.

முழங்கால்: அடிபட்டபோது "டக்" என்று சத்தம் கேட்டதா, ஓரிரு மணி நேரத்துக்குள் வீங்கியதா, திரும்பும்போதோ படி இறங்கும்போதோ கால் நழுவுகிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் உள் தசைநார் கிழிந்திருக்கச் சந்தேகம். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும், "எக்ஸ்ரே நார்மல்" என்றால் கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், அரசு இராசாசி மருத்துவமனையிலும் அதற்கான பிரிவு இருக்கிறது. வீக்கம் வடிந்தது, நடக்க வருகிறது என்று களத்தில் இறக்கினால் அடுத்த முறை நடுவில் இருக்கும் ஜவ்வும் சேர்ந்து கிழியும். புது வீக்கத்தை முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது.

நான் கேட்டவற்றில் ஒன்றும் இல்லை, வெறும் சுளுக்கு என்றால் திரும்ப இறங்கும் முன் மூன்று சோதனை. அடிபட்ட ஒற்றைக் காலில் பத்து முறை வலியில்லாமல் குதிக்க வேண்டும். ஒற்றைக் காலில் முன்னோக்கி மூன்று தாவலில் கடக்கும் தூரம் நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வர வேண்டும். முழு வேகத்தில் ஓடித் திசை மாற்றும்போது தயக்கம் இருக்கக் கூடாது. மூன்றும் தேறினால் முதல் வாரம் பிடி இல்லாத ஸ்கில் பயிற்சி மட்டும், அடுத்த வாரம் புதன் ஆட்டம், அதன் பிறகு போட்டி.

எல்லோரையும் ஒற்றைக்கால் பஸ்கி செய்ய வைத்து முன்னாலிருந்து போனில் படம் எடுங்கள். முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்கிறவர்கள்தான் அடுத்து மாட்டப் போகிறவர்கள். அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை திண்ணை உயரத்தில் ஒற்றைக்காலால் ஏறி இறங்குவது, மெதுவாக, 3 முறை எட்டு எட்டு.

மண் களத்துச் சிராய்ப்பை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காப்பித்தூள் வேண்டாம். மண் புகுந்த ஆழமான காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அன்றே அல்லது மறுநாளே போட வேண்டும். டேஷில் (ரைடரை உடம்பால் மோதி வெளியே தள்ளுவதில்) தலை அடிபட்டு ஒரு கணம் நினைவு தப்பினாலும், வாந்தி எடுத்தாலும் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. வெயில் நாளில் ஒருவர் உளற ஆரம்பித்தால் அது சாதாரண மயக்கம் இல்லை. 108க்குச் சொல்லிவிட்டு வண்டி வரும்வரை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

செம்மண்களம் எழுதியது:

எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு மன்றத்துல ஒட்டிடறோம். கெண்டைக்கால் பிடிக்கிறதுக்கு உப்புத்தண்ணி போதுமா? எடை மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், களத்துல வச்சு எப்படிப் பாக்குறது?

பாடிவா எழுதியது:

பிடிக்கிறதுக்கு முதல் காரணம் தசை களைச்சுப் போறது, உப்பும் தண்ணியும் அதுக்கு அடுத்துதான். திங்கள்கிழமை ஓய்வு ஒழுங்கா இருந்தாலே பாதி குறையும். பிடிச்ச உடனே உக்கார வச்சு, முட்டியை நீட்டி, பாதத்தைத் தலைப் பக்கமா 30 செகண்டு மடக்கிப் பிடிங்க. குத்தாதீங்க, அடிக்காதீங்க.

மெஷினை மண்ணுல வைக்காதீங்க, ஆட ஆடத் தப்பு காட்டும். மன்றத்துச் சிமெண்டுத் தரையில வைங்க. பிராக்டிஸுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போயிட்டு ஒரு தடவை, முடிஞ்சதும் துண்டால துடைச்சுட்டுக் காஞ்ச டிரவுசரோட ஒரு தடவை. நனைஞ்ச துணியோட ஏறினா அந்த வேர்வையும் எடையில வந்துடும். ஒரு கிலோ குறைஞ்சிருந்தா, படுக்கப் போறதுக்குள்ள ஒன்னே காலுல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் குடிக்கணும், ஒரே மூச்சா இல்லாம சாப்பாட்டோட சேர்த்து. பிராக்டிஸ் முடிஞ்சு எடை கூடியிருக்குன்னா தேவைக்கு மேல தண்ணி குடிக்கிறான்னு அர்த்தம், அவனைக் குறைக்கச் சொல்லுங்க.